கைக்கு லீவு

மார்ச் 4

அக்கா,

செய்தியாக அனுப்ப முடியாத அளவுக்கு நீளமாகிவிட்டது, அதனால்தான் காகிதம். செய்தி அனுப்பினால் நீ "சரி", "நலம்", "பிறகு" என்ற மூன்றில் ஒன்றைத்தான் திருப்பி அனுப்புகிறாய். காகிதத்துக்கு ஒரு பக்கமாவது பதில் எழுதித்தான் ஆக வேண்டும், மரியாதைக்காகவாவது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் கேமராவைத் திறந்தால் அத்தான் மட்டும் வந்து உட்காருகிறார். அக்கா குளிக்கிறாள் என்று கையைக் காட்டுகிறார். அடுத்த வாரமும் குளிக்கிறாய். ஐந்து ஞாயிறாகக் குளித்துக்கொண்டே இருக்கிறாய். அத்தானுக்குப் பொய் சொல்ல வராது, அந்தச் சைகையைச் செய்யும்போதே அவர் கண் சமையலறைப் பக்கம் போய்விடுகிறது. நீ அங்கே சுவரோரமாக நின்றுகொண்டிருக்கிறாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

என்மேல் கோபமா? கோபம் என்றால் சொல்லிவிடு. கோபத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிற பழக்கம் நம் வீட்டில் இல்லையே. நீயும் அத்தானும் சண்டை போட்டால் மேஜையில் இருக்கிற டம்ளரெல்லாம் உருளும், கைவீச்சு அப்படி. காது கேட்கிற நான் ஒருத்தன்தான் அந்த வீட்டிலேயே சத்தம் இல்லாத ஆள் என்று அப்பா சொல்வார். வாயால் பேசுவதற்கு முன்பே நான் கையால் பேசினேன். உன்னிடமிருந்துதான் கற்றேன். உன் கையைப் பார்க்காமல் ஐந்து வாரம் இருப்பது எனக்கு எப்படி இருக்கும் என்று நீ யோசிக்க வேண்டாமா?

இங்கே ஆய்வகத்தில் ஒரு தப்பு செய்துவிட்டேன். செல் வளர்க்கிற தட்டுகளில் சோதனை முடிந்த அன்றைக்கே மருந்து ஊற்றி, செல்களைக் கொன்று, குப்பையில் போட வேண்டும் என்பது எங்கள் அறையின் விதி. போன மாதம் வியாழக்கிழமை ஒரு தட்டை இளஞ்சூட்டுப் பெட்டியின் அடியில் மறந்துவிட்டு விடுப்பில் போய்விட்டேன். செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தால், அறைப் பொறுப்பாளர் அம்மாள் அதை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, "இது யாரு பெத்த புள்ள?" என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். அசடு வழிய வாங்கிக்கொண்டேன். தூக்கி எறிவதற்கு முன்னால், அந்தச் செல்கள் எவ்வளவு சுரக்கின்றன என்று சும்மா ஒரு தடவை அளந்து பார்த்தேன். வந்த எண்ணை என்னால் நம்ப முடியவில்லை. மறுபடி செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அது கிடக்கட்டும். நீ எழுது.

தம்பி

மார்ச் 17

தம்பிக்கு,

குளித்தது போதும் என்று துவட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

கோபம் இல்லை. கேமரா வேண்டாம், அவ்வளவுதான். அத்தானைக் குறுக்கு விசாரணை செய்யாதே, பாவம், கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து எனக்காகப் பொய்யும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பேனாவுக்கு அவர் கண்ணாடி துடைக்கிற துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார். கத்தரிக்காய் தண்டிக்கு இருக்கிறது. ஆனாலும் இரண்டு வரிக்கு ஒரு முறை கீழே வைக்கிறேன். இந்தக் கடிதத்தை ஆரம்பித்து நான்கு நாள் ஆகிறது. எனவே என் எழுத்தைப் பற்றி வாயைத் திறக்காதே, கையையும் திறக்காதே.

முடக்குவாதம் முற்றிக் கை மோசமாகிவிட்டது. உன்னிடம் அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி போட்டும் வலது மணிக்கட்டு வீங்கியே இருக்கிறது. விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. பொத்தான் போடுவது, சாவி திருப்புவது எல்லாம் அத்தான் கணக்கில் போய்விட்டது. அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. சமையலறையில் நான் சொல்வதைப் புரிந்துகொள்ள அவர் இப்போது ஓரடி கிட்டே வந்து நிற்கிறார். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

போன மாதம் எட்டாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் வரிசையில் ஒரு பெண் மேஜைக்கு அடியில் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: டீச்சர் கை குழறுது. இருபது வருடமாக மேஜைக்கு அடியில் நடக்கிற பேச்சைப் பிடிப்பதுதானே என் வேலை, பிடித்துவிட்டேன். அவள் கேலி செய்யவில்லை. நான் சொன்னது ஆறில் ஒன்றா எட்டில் ஒன்றா என்று அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. கரும்பலகையைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டு அழுதேன். காது கேளாதோர் பள்ளியில் டீச்சருக்குக் கை குழறினால் வேறு என்ன மிச்சம்? அடுத்த பருவத்திலிருந்து பதிவேட்டு அறைக்குப் போகலாமே என்று தலைமை ஆசிரியை நயமாகச் சொல்லிவிட்டார். நயமாகச் சொன்னதுதான் தாங்கவில்லை.

எலும்பு டாக்டர் இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, மணிக்கட்டைத் திறந்து, வீங்கிக் கிடக்கிற சவ்வை மட்டும் சுரண்டி எடுப்பது. மணிக்கட்டு மடங்கும், பேச்சு பிழைக்கும். இன்னொன்று, சுரண்டிவிட்டுத் தகடு வைத்து எலும்புகளை ஒன்றாக ஒட்டிவிடுவது. வலி போகும், விரலுக்குப் பலம் வரும், ஆனால் மணிக்கட்டு அதற்குப் பிறகு மடங்கவே மடங்காது. எங்கள் பேச்சில் மணிக்கட்டு என்ன செய்யும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. யார் யாருக்குக் கொடுத்தார்கள், யார் யாரைக் கேட்டார்கள் என்பதெல்லாம் அது எந்தப் பக்கம் மடிகிறது என்பதில்தான் இருக்கிறது.

இரண்டில் எது என்று மே பத்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டும்.

நீ பத்துப் பன்னிரண்டு வருடமாக இந்தச் சவ்வைத்தானே தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்? எனக்குச் சொல். உள்ளே என்ன நடக்கிறது? சுரண்டி எடுத்தால் அது மறுபடி வருமா வராதா? கட்டுரையில் எழுதுவது போல எழுதாதே, எனக்கு எழுதுவது போல எழுது.

அக்கா

மார்ச் 29

அக்கா,

உன் கடிதத்தைப் பேருந்தில் வைத்துப் படித்துவிட்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். மூட்டைச் சுற்றி உள்பக்கமாக ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. நல்ல மூட்டில் அது ஒன்றிரண்டு செல் தடிமன்தான். அதில் குடியிருக்கிற செல்களுக்கு வேலை, மூட்டு வழுக்கிக்கொண்டு அசைவதற்கு எண்ணெய் போல ஒன்றைச் சுரப்பது. அவற்றை நார்ச் செல்கள் என்று சொல்வோம். இவை வீட்டுக்காரர்கள், இடத்தை விட்டு நகராதவர்கள். என் தட்டிலும் அடியில் ஒட்டிக்கொண்டுதான் வளரும். நோய் எதிர்ப்புச் செல்கள் வேறு ரகம். அவை ரத்தத்தில் சுற்றுகிற காவல்காரர்கள், என் தட்டில் மேலே மிதக்கும். தட்டைக் கழுவினால் காவல்காரர்கள் போய்விடுவார்கள், வீட்டுக்காரர்கள் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். என் வேலையில் பாதி இந்தக் கழுவுதல்தான்.

காவல்காரர்கள் கிருமியைக் கண்டால் சத்தம் போட வேண்டும். முடக்குவாதத்தில் ஆள் மாறாட்டம் நடக்கிறது. கிருமியே இல்லாத மூட்டுக்குள் நுழைந்து சத்தம் போடுகிறார்கள். சத்தம் என்றால் சில வேதிப்பொருள்கள். அதைக் கேட்டு வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பதில்லை, அவர்களும் திருப்பிச் சத்தம் போடுகிறார்கள். இன்னும் காவல்காரர்களைக் கூப்பிடுகிறார்கள், வந்தவர்களுக்குச் சோறு போட்டுச் சாகாமல் வைத்துக்கொள்கிறார்கள். சவ்வு தடித்து, குருத்தெலும்பின் மேல் படர்ந்து, அதை அரிக்கிறது. எலும்பைத் தின்கிற செல்களையும் தட்டி எழுப்பிவிடுகிறார்கள். யார் ஆரம்பித்தது என்பது கொஞ்ச நாளில் யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது. நீ போட்டுக்கொள்கிற ஊசி காவல்காரர்களின் சத்தத்தில் ஒன்றை அடைக்கிறது.

சுரண்டினால் திரும்ப வருமா என்று கேட்டாய். அது ஆளுக்கு ஆள் மாறும். நிறையப் பேருக்கு நன்றாகவே இருந்திருக்கிறது. டாக்டர் உன் கையை நேரில் பார்த்தவர், அவர் சொல்வதைக் கேட்பதுதான் நல்லது. அவசரப்பட்டு முடிவு எடுக்காதே.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

மூன்று பத்தி நன்றாக எழுதியிருக்கிறாய். நான்காவது பத்தியை வேறு எவனோ எழுதியிருக்கிறான்.

முதலில் ஒரு சந்தேகம். உன் செல்கள் ஏன் சத்தம் போடுகின்றன? அவற்றுக்கு ஏது காது? ஒன்றையொன்று தொட்டுச் சொல்வதில்லையா? டாக்டருக்கு என் சைகையைப் பெயர்த்துச் சொல்கிற பெண்ணை வைத்து டாக்டரிடமே கேட்டேன், தொட்டும் சொல்லிக்கொள்ளும் என்றார். அப்படியென்றால் அவை எங்கள் ஆட்கள். இனிமேல் சத்தம் என்று எழுதி அவமானப்படுத்தாதே.

இப்போது உன் விஷயம். உனக்கு நான் வைத்த சைகைப் பெயர் ஏன் வந்தது என்று மறந்துவிட்டாயா? ஐந்து வயதில் என் சாயப் பெட்டியை உடைத்துவிட்டு, நான் இல்லை என்று சொல்லிக்கொண்டே புருவத்தைப் பிடித்துப் பிடித்து இழுத்தாய். அதற்குப் பிறகு எதை மறைத்தாலும் கை புருவத்துக்குப் போய்விடும். அதனால்தான் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் புருவ நுனியை இரண்டு தரம் இழுத்தால் அது நீ. நம் வீட்டில், பள்ளியில், அத்தான் கடையில், எல்லாருக்கும் அதுதான் நீ. உன் கல்யாணப் பேச்சு வந்தபோதுகூட அந்தப் பெயரால்தான் பேசினோம்.

கடிதத்தில் புருவம் தெரியாது என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது. "ஆளுக்கு ஆள் மாறும்" என்ற இடத்தில் எனக்கு நன்றாகத் தெரிகிறது. டாக்டர் சொல்வதைக் கேள் என்று நீ என் வாழ்க்கையில் ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை. உனக்கு ஏதோ தெரியும். அந்த மறந்துபோன தட்டில் என்ன எண் வந்தது? நம்ப முடியவில்லை என்று எழுதினாய், அப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

பூசி மெழுகாதே. மடங்குகிற மணிக்கட்டு வேண்டும் என்றுதான் என் ஆசை எல்லாம் சாய்கிறது. அது நடக்காது என்றால் இப்போதே தெரிய வேண்டும். ஒரு வருடம் பேசிவிட்டு மறுபடி அறுக்கப் படுப்பதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

அக்கா

ஏப்ரல் 19

அக்கா,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்தத் தடவை கிழிக்காமல் தபாலில் போட்டுவிட வேண்டும்.

அந்தத் தட்டில் இருந்தது ஒரு நோயாளியின் சவ்விலிருந்து வளர்த்த நார்ச் செல்கள். அவற்றின் மேல் காவல்காரர்களை விட்டு, எடுத்து, விட்டு, எடுத்து, மூன்று தடவை செய்திருந்தோம். வியாழக்கிழமை கடைசியாகக் கழுவினேன். அதற்குப் பிறகு அந்தத் தட்டில் ஒரு காவல்காரன்கூட இல்லை. ஐந்து நாள் தனியாகக் கிடந்த வீட்டுக்காரர்கள் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. ஆபத்து, வா, வா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், தொடுவதற்கு எதிரே ஒரு ஆள் இல்லாமல்.

தப்பில் வந்ததை நம்பக் கூடாது என்று ஏழு தடவை திரும்பச் செய்தேன். ஒரே ஒரு தடவை காவல்காரர்களைப் பார்த்த செல்கள் இரண்டு நாளில் அடங்கிவிடுகின்றன. மூன்று தடவை பார்த்தவை அடங்குவதில்லை. அடங்கினது போலத் தெரிந்தாலும், காவல்காரர்களைப் பழைய அளவில் பத்தில் ஒரு பங்கு காட்டினால் போதும், பழையபடி கிளம்பிவிடுகின்றன. வேறு இடங்களிலும் இதுபோலப் பார்த்திருக்கிறார்கள் என்று இப்போது தேடிப் படித்தேன். சவ்வு கற்றுக்கொள்கிறது, அக்கா. கற்றுக்கொண்டதை மறப்பதில்லை. காவல்காரர்களை மட்டும் அடக்குகிற உன் ஊசி ஏன் மணிக்கட்டில் எடுபடவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எனவே நீ கேட்டதற்குப் பதில்: எவ்வளவு சுரண்டினாலும் ஓரங்களில் கொஞ்சம் மிச்சம் இருக்கும், உன் சவ்வு பல வருடம் கற்ற சவ்வு, திரும்ப வரும் என்றுதான் நான் பயப்படுகிறேன். தட்டில் நடப்பதெல்லாம் கையில் நடக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் என் கையாக இருந்தால் தகடு வைக்கத்தான் சொல்வேன்.

இதை ஏன் மூன்று வாரத்துக்கு முன்பு சொல்லவில்லை என்று கேட்பாய். இந்தக் கண்டுபிடிப்பின் அர்த்தம், முதல் தடவையிலேயே, முதல் சில மாதத்திலேயே மருந்து போட்டிருந்தால் சவ்வு இதைக் கற்றே இருக்காது என்பது. அந்த மாதங்கள் எங்கே போயின என்று எனக்குத் தெரியும்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு விடுமுறைக்கு வந்திருந்தேன். காலைச் சாப்பாட்டு மேஜை. நீ என் முன்னால் இரண்டு கையையும் நீட்டினாய். காலையில் எழுந்தால் விரல் மடங்குவதில்லை, பத்து மணிக்குத்தான் தளர்கிறது என்றாய். நான் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நீ அதிகம் பேசுகிறாய், கைக்கு லீவு கொடு என்றேன். தொண்டை கட்டிக்கொண்டவனிடம் சொல்வது போல. அத்தான் மேஜையைத் தட்டிச் சிரித்தார். நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு பதினான்கு மாதம் கழித்துத்தான் டாக்டரிடம் போனாய்.

நான் அப்போது இந்தத் துறையில் சேர்ந்து இரண்டு வருடம். காலையில் விறைத்துப் பத்து மணிக்குத் தளர்கிற விரல் எதன் அடையாளம் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். புத்தகத்தில் படித்தது என் அக்காவின் கையாக மேஜைக்கு வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. நம் வீட்டில் கை என்றால் பேச்சுதானே, மூட்டு என்று தோன்றவே இல்லை.

ஐந்து ஞாயிறு நீ வராதபோது, இது உனக்கு ஞாபகம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

தம்பி

ஏப்ரல் 27

கடிதம் வந்தது. படித்தேன். இப்போது எதுவும் எழுத மாட்டேன்.

அக்கா

மே 4

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை கேமராவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தான்கூட வரவில்லை. போன வாரமும் அப்படித்தான்.

பத்தாம் தேதி கெடு என்று ஞாபகப்படுத்த மட்டும் எழுதுகிறேன். என்மேல் உள்ள கோபத்தில் டாக்டருக்குப் பதில் சொல்லாமல் இருந்துவிடாதே. வேறு எதுவும் கேட்கவில்லை.

தம்பி

மே 12

தம்பிக்கு,

டாக்டருக்குப் பதில் சொல்லிவிட்டேன். தகடு. இருபத்தோராம் தேதி அறுக்கிறார்கள். வலது கையால் எழுதுகிற கடைசி நீளக் கடிதம் இதுவாக இருக்கலாம், அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். ஒரு வாரமாக எழுதுகிறேன்.

கைக்கு லீவு எனக்கு ஞாபகம் இருக்கிறது. இல்லாமல் என்ன? டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன அன்றைக்குச் சாயங்காலமே ஞாபகம் வந்தது. ஒரு வருடம் உன்மேல் பற்றிக்கொண்டு எரிந்தேன். நீ அனுப்பிய பிறந்தநாள் புடவையைப் பிரிக்காமல் அலமாரிக்கு மேலே போட்டேன். நீ கேட்டபோது நிறம் பிடிக்கவில்லை என்றேன். அந்த நிறம் எனக்குப் பிடிக்கும். நீ எழுதியதைப் படித்தபோது அந்தப் பழைய கோபம் அப்படியே கிளம்பியது, உன் செல்கள் மாதிரி. அதனால்தான் இரண்டு வரியோடு நிறுத்தினேன். அன்றைக்கு எழுதியிருந்தால் உன்னைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

இப்போது நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அத்தானுக்கே போன வாரம்தான் சொன்னேன்.

நீ விடுமுறைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பு பள்ளிக்கூட நர்ஸ் என் விரலைப் பார்த்துவிட்டு, ரத்தம் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். உடனே போங்கள் என்று அடிக்கோடு போட்டிருந்தார். அந்தச் சீட்டை மடித்துப் பெரிய அகராதிக்குள் வைத்துவிட்டேன். கையில் நோய் என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் அப்புறம் நான் யார் என்று பயம். உனக்கு விஷயம் தெரியும் என்பதற்காக அன்றைக்கு மேஜையில் கையை நீட்டவில்லை. நீ சின்னவன், விளையாட்டுப் பிள்ளை, ஒன்றும் இல்லை என்று சொல்வாய் என்பதற்காக நீட்டினேன். சொன்னாய். நான் சிரித்த சிரிப்பு, தப்பித்தோம் என்ற சிரிப்பு. நீ டாக்டரிடம் போகச் சொல்லியிருந்தால் உன்னோடு சண்டை போட்டிருப்பேனே தவிர, போயிருக்க மாட்டேன்.

இதனால் நீ தப்பித்துவிட்டதாக நினைக்காதே. படித்தவன் நீ, தொட்டாவது பார்த்திருக்க வேண்டும். உன் பங்கு உன்னிடமே இருக்கட்டும். என் பங்கை மட்டும் நான் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். ஒன்பது வருடமாக இரண்டையும் சேர்த்து நீ தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் ஒரு வருடம் நன்றாகத் தூக்கு என்று விட்டிருப்பேன். அதற்கு மேல் விட்டிருக்க மாட்டேன்.

வகுப்பு விஷயம். தலைமை ஆசிரியையிடம் போய்ப் பதிவேட்டு அறை வேண்டாம் என்றேன். எட்டாம் வகுப்பு இனி கிடையாது, அதை ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று. மூன்று மாதத்துக்குப் பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு மத்தியானத்தில் ஒரு மணி நேரம் கொடுத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் இடது கையை மேல் கையாக, அசைந்து பேசுகிற கையாகப் பழக்க வேண்டும். அது கொஞ்சம் பரவாயில்லாமல்தான் இருக்கிறது. வலது கை இனிமேல் பலகை மாதிரி அடியில் நின்றால் போதும். அத்தானிடம் தினமும் இடது கையால் செய்தி வாசிக்கிறேன். நேற்று விலைவாசி என்று சொல்வதற்குப் பதில் விலாங்கு மீன் என்று ஏதோ செய்துவிட்டேன் போல, அவர் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

சுரண்டி எடுக்கிற சவ்வை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று ஒரு தாள் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன், கோணல்மாணலாக. எந்த ஆய்வகத்துக்குப் போகும் என்று சொல்ல மாட்டார்களாம், பெயர் கிடையாதாம், எண்தானாம். ஒரு வேளை நான் எண்ணாக உன் தட்டுக்கு வந்து சேர்ந்தால் மரியாதையாக நடந்துகொள். விடுப்பில் போகும்போது மறந்துவிட்டுப் போகாதே.

கேமரா இன்னும் வேண்டாம். காரணம் நீ நினைத்தது இல்லை.

அக்கா

மே 23

அக்கா,

அறுவை நல்லபடியாக முடிந்தது என்று அத்தான் செய்தி அனுப்பினார். ஆய்வகத்துக் கழிப்பறையில் நின்று அழுதுவிட்டு வந்தேன். அறைப் பொறுப்பாளர் அம்மாள் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "மருந்து தெறிச்சுடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன். சொல்லும்போது கை எங்கே போனது என்று உனக்குத் தெரியும்.

அந்தச் சீட்டைப் பற்றி நீ சொல்லாமலே இருந்திருக்கலாம். சொன்னாய்.

இன்றைக்கு ஒரு புதுச் சவ்வு வந்தது. 0-வில் ஆரம்பிக்கிற ஏழு இலக்க எண். வாரத்துக்கு நான்கைந்து வரும், எங்கெங்கிருந்தோ வரும். எந்த ஊர் என்று தாளில் இருக்காது. ஆனாலும் கையுறை போடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவினேன். வளர வைத்திருக்கிறேன். தினமும் பார்ப்பேன். இனி வருகிற எல்லாவற்றையும் அப்படித்தான் பார்க்க முடியும் போலிருக்கிறது.

இந்த வாரம் முதல், கற்றதை மறக்கவைக்க முடியுமா என்று பார்க்க ஆரம்பித்திருக்கிறோம். ஒன்றும் தெரியாது இன்னும். உன் கைக்கு நேரத்துக்கு வராது. அதைத் தெளிவாக எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

கேமராவுக்கு நீ சொல்கிற வரைக்கும் காத்திருக்கிறேன்.

தம்பி

ஜூலை 2

தம்பிக்கு,

இடது கை. சிரிக்காதே.

கட்டுப் பிரித்தார்கள். மணிக்கட்டு கட்டைபோல இருக்கிறது. வலி இல்லை. பல வருடத்தில் முதல் தடவை வலி இல்லை.

விரல் கொஞ்சம் நேரானது. ஆனாலும் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேரவில்லை. இடது கையிலும் சேரவில்லை. இனிமேல் சேராது என்றார் டாக்டர்.

கேமரா விஷயம் சொல்கிறேன். ஜனவரியில் ஒரு ஞாயிறு. நீ திரையில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். கூப்பிடக் கையைத் தூக்கினேன். புருவத்தைப் பிடிக்க விரல் சேரவில்லை. மூன்று தடவை முயன்றேன். நெற்றியைச் சொறிவதுபோல முடித்துவிட்டேன். நீ கவனிக்கவில்லை. அத்தான் கவனித்தார்.

உன் பெயரை என்னால் சொல்ல முடியவில்லை. நான் வைத்த பெயர். அதற்குத்தான் ஒளிந்தேன். கோபம் எல்லாம் இல்லை.

இப்போது வேறு பெயர் வைத்திருக்கிறேன். இரண்டு மாதம் யோசித்தேன். கண்ணாடி முன்னால் நின்று செய்து பார்.

கையின் புறத்தைப் புருவத்தின் மேல் வை. வெளிப்பக்கமாக மெதுவாக ஒரு தரம் நீவிவிடு. அவ்வளவுதான். பிடிக்க வேண்டாம். இழுக்க வேண்டாம்.

அத்தானிடம் செய்து காட்டினேன். யார் என்று கேட்டார். தம்பி என்றேன். அவரும் நீவிப் பார்த்துக்கொண்டார். கடையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாராம். பழையதை யாரும் சொல்லக் கூடாது என்று உத்தரவு.

ஞாயிறு பத்து மணிக்குத் திற. நான்தான் வருவேன். கை பார்க்க நன்றாக இருக்காது, பயப்படாதே.

வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார். நான் கூப்பிட வேண்டும். அத்தான் வழக்கம்போல விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார், திரை வெளிச்சம் மாறும், அப்போது திரும்பிப் பார்.

அக்கா